இரண்டு வயதுச் சரக்கு

பழையது என்றால் நமக்கு ஒரு மதிப்பு. அரிசியில் பழசு, விஸ்கியிலும் பழசு. 12 ஆண்டு, 18 ஆண்டு என்று புட்டியில் அச்சிட்டிருந்தால், கேட்ட விலையைக் கொடுக்கக் கை தானாகவே நீளுகிறது. ஆனால் அமெரிக்க விஸ்கியின் சரித்திரத்தைப் புரட்டினால், அங்கே முதலில் பிறந்தது இளசுதான் என்று தெரிகிறது. கிழம் பின்னால் வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், மேற்குப் பென்ஸில்வேனியா விவசாயி தன் ரை தானியத்தை மூட்டை கட்டி, மலை தாண்டிக் கிழக்கே சந்தைக்குக் கொண்டுபோகக் கட்டுப்படியாகவில்லை. வாலையில் வடித்துவிட்டாலோ, அதே மதிப்பு சிறு பீப்பாயில் அடங்கிவிடும். ரொக்கம் அரிதான அந்த ஊர்களில் விஸ்கியே நாணயமாகவும் நடமாடியது. அது பெரும்பாலும் நிறமே இல்லாத புதுச் சரக்கு. 1791-ல் சர்க்கார் அதன்மேல் வரி போட்டது. 1794-ல் கலகம் மூண்டது. ஜனாதிபதி வாஷிங்டன் சுமார் 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி அதை அடக்க வேண்டியிருந்தது. 1802-ல் வரியே ரத்தாயிற்று.

பிறகு, உட்புறம் கரித்த ஓக் பீப்பாயில் கிடந்த சரக்கு சிவந்து, மணத்து, மென்மையாவதை மக்கள் கண்டுகொண்டார்கள். வயதுக்கு விலை வந்தது. விலை வந்ததும் வயதைத் திருட ஆளும் வந்தான். வெறும் சாராயத்தில் கருக்கிய சர்க்கரையையும் உலர்ந்த பிளம் பழச் சாற்றையும் கலந்து, "பழைய விஸ்கி" என்று விற்ற வியாபாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏராளம். ஏமாந்தவன் யார்? குறைந்த காசில் வாங்கிய ஏழைதான்.

கென்டக்கியில் ஆலை வைத்திருந்த எட்மண்ட் டெய்லர் போன்றவர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். தங்கள் வியாபாரத்தைக் காப்பாற்றும் சுயநலமும் அதில் உண்டு. ஆயினும் 1897-ல் சட்டம் பிறந்தது. ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்து, சர்க்கார் காவலில் 4 ஆண்டு வைத்து, பாதிக்குப் பாதி ஆல்கஹாலாகப் புட்டியில் அடைத்தால் சர்க்கார் முத்திரை கிடைக்கும். 1906-ல் உணவு, மருந்துக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. எது விஸ்கி என்ற வழக்கு முற்றி, 1909-ல் ஜனாதிபதி டாஃப்ட்டே தீர்ப்புச் சொன்னார்: கலந்து விற்கலாம், ஆனால் கலப்பு என்று புட்டியில் எழுதியாக வேண்டும். 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு நீங்கிய பின் விதிகள் மேலும் இறுகின. "ஸ்ட்ரெய்ட்" என்று போட்டுக்கொள்ள, கரித்த புதுப் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு கிடக்க வேண்டும். 4 ஆண்டுக்குக் குறைந்தால் வயதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

லூயிவில் நகரத்துக் கடையொன்றின் அடித்தட்டில் எனக்குக் கிடைத்த மலிவான போர்பனில் அந்த வரி இருந்தது: 2 ஆண்டு. இளந்தேன் நிறம். போர்பனில் வேறு சாயம் சேர்க்கக் கூடாது. அத்தனையும் பீப்பாய் கொடுத்த நிறம். முகர்ந்ததும் வேகவைத்த மக்காச்சோளத்தின் மணம். தானியத்தில் பாதிக்கு மேல் அதுவாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்து, அப்போதுதான் அறுத்த பலகையின் வாசனை. வெகு பின்னால் வெனிலா. நாக்கில் இனிப்பு, தொண்டையில் சுளீரென்று ஓர் எரிச்சல். நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டதும் எரிச்சல் தணிந்து, சோளத்தின் இனிப்பு தலைதூக்கியது. ருசி வாயில் நிற்கவில்லை. சீக்கிரமே விடைபெற்றுப் போய்விட்டது.

கோடையில் பீப்பாய் மரத்துக்குள் ஊறி, குளிரில் வெளியேறி வரும்போதுதான் விஸ்கிக்கு ஆழம் வருகிறது. இரண்டே கோடை கண்ட சரக்கிடம் அந்த ஆழத்தைக் கேட்பது, பள்ளிக்கூடத்துப் பையனிடம் பாட்டனாரின் அனுபவத்தைக் கேட்பது போல. கொடுத்த காசுக்குத் தானியத்தின் ருசி கிடைத்தது. என்னைக் கேட்டால், விலைக்குத் தகுந்த நல்ல சரக்கு என்றே சொல்வேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தச் சின்ன வரி. பணக்காரன் வாங்கும் புட்டிக்கு அதன் பெயரே சாட்சி சொல்லும். மலிவுப் புட்டியை எடுப்பவனுக்கு இருக்கும் சாட்சி அந்த எழுத்து ஒன்றுதான். அதை எழுத வைக்க ஒரு தேசத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.