லீஷ்மேனியா நோய்: நிர்ணயமும் பதிவும்

லீஷ்மேனியா நோய், மணல் ஈயின் கடியால் மனிதருக்குத் தொற்றும் ஒட்டுண்ணி வியாதியாகும். உள்ளுறுப்புகளைப் பற்றும்போது நீடித்த காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் தந்து ‘காலா அசார்’ எனப் பெயர் பெறும். தோலைப் பற்றும்போது எளிதில் ஆறாத புண்ணாகும். இலங்கையில் பெரும்பாலும் காணப்படுவது பின்னதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் பெருஞ்சாவு விளைத்த இந்நோயை வைத்தியர் பலர் மலேரியாவின் முற்றிய நிலையென்றே கருதினர்.

கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் சேவைபுரிந்து இங்கிலாந்து திரும்பி 1900இல் இறந்த ஒரு போர்வீரரின் மண்ணீரலில் பிரித்தானிய இராணுவ வைத்தியர் வில்லியம் லீஷ்மன் கண்ட நுண்ணுருக்கள், 1903 மே மாதத்திலேதான் பிரசுரமாயின; அவற்றைச் சிதைவுற்ற திரிபனசோம் ஒட்டுண்ணிகள் என அவர் ஊகித்தார். அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள், சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், நாட்பட்ட மலேரியாவால் மாண்டவர்களென எண்ணப்பட்டோரின் மண்ணீரற் பூச்சுகளில் அதே உருக்களைக் கண்டார். ஜூலையில், உயிரோடிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசியிட்டு எடுத்த இரத்தத்திலும் அவற்றைக் கண்டமையால், மரணத்தின்பின் நேரும் சிதைவே அவை என்னும் ஐயம் அகன்றது. டோனவன் தம் கண்ணாடித் தகடுகளைப் மலேரியா ஆய்வாளர்களாகிய, பாரிஸில் இருந்த லவரானுக்கும் இங்கிலாந்தில் இருந்த ரொனால்ட் ராஸுக்கும் அனுப்பினார். லவரான் அவ்வுயிரியை முன்னறிந்த பேரினமொன்றில் அடக்க, ராஸோ அது புதிய பேரினமெனக் கண்டு, இருவர் பெயரும் விளங்க ‘லீஷ்மேனியா டோனவானி’ என்றார். முதன்மை எவருக்கு உரியது என்னும் சர்ச்சை அப்பெயரால் தணிந்ததேயன்றி முற்றும் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை.

நோயைக் கடத்துவது மணல் ஈயே என்பதை 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் மெய்ப்பித்தனர்.

இலங்கையிலேயே தொற்றிய முதல் தோல்நோய் 1992இல் பதிவாயிற்று. பிற நாடுகளில் உள்ளுறுப்புகளைத் தாக்கும் டோனவானியே இங்கு தோற்புண்ணுக்குக் காரணமென 2003இல் அறியப்பட்டது. நோய் இத்தீவில் நெடுங்காலம் இனங்காணப்படாமல் இருந்ததா, புதிதாகப் புகுந்ததா என்பதில் அபிப்பிராயங்கள் வேறுபடுகின்றன.

புண் பெரும்பாலும் வலியோ அரிப்போ தருவதில்லை; ஆதலின், கஹவத்தை போன்ற இரத்தினபுரித் தோட்டப் பகுதிகளில், நாட்கூலியை இழந்து வைத்தியசாலை செல்ல வேண்டிய லயத்துத் தொழிலாளிக்கு அதனைப் பொருட்படுத்தாது விடுதல் எளிது. நிர்ணயமோ, புண்ணின் விளிம்பைச் சிறிது கீறியெடுத்த திசுவைச் சாயமேற்றி, உயிரணுவினுள் கருவும் அதன் அருகே கோலுருவும் கொண்ட ஒட்டுண்ணியை நுணுக்குக்காட்டியில் காண்பதைப் பொறுத்தது.

2008 முதல் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. வைத்தியர் 544ஆம் இலக்கச் சுகாதாரப் படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் இருப்பிடம் சென்று விசாரிப்பார். நோயாளர் தொகை பின்னர் தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையின் அட்டவணையில் இடம்பெறும். அவ்வட்டவணை மாவட்டவாரியானது, ஆதலால் கஹவத்தையின் நோயாளர் இரத்தினபுரியின் தொகைக்குள் அடங்குவர்.