நீர் பட்டதும் தொடங்கும் கெடு: பென்சிலின் மருந்துகளைப் பாதுகாப்பது எப்படி?

குழந்தைகளுக்கு மருத்துவர்கள் பரவலாக எழுதிக்கொடுக்கும் அமொக்சிசிலின் மருந்து, மருந்துக் கடைக்கு உலர்ந்த தூளாகவே வருகிறது. குறிப்பிட்ட அளவு நீர் சேர்த்துக் குலுக்கிய பின்னரே அது பாணி மருந்தாகிறது. தூளாக இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் கெடாத இம்மருந்து, நீர் சேர்ந்த பின்னர் 7 முதல் 14 நாட்களுக்குள் பயன்படுத்தி முடிக்கப்பட வேண்டியதாகிவிடுகிறது.

இந்தக் காலவரையறை வெறும் சம்பிரதாயம் அல்ல. அதன் பின்னணியில் இருப்பது மருந்தின் வேதியியல் அமைப்பு.

இறுக்கமான வளையம்

பென்சிலின் குடும்பத்து மருந்துகள் அனைத்தின் மூலக்கூறிலும் பீட்டா-லாக்டம் எனப்படும் நான்கு அணுக்களாலான வளையம் ஒன்று உண்டு. பாக்டீரியா தனது செல் சுவரைக் கட்டுவதற்குப் பயன்படுத்தும் நொதியை முடக்குவது இந்த வளையமே. ஆனால் அணுக்கள் மிகக் குறுகிய கோணத்தில் பிணைக்கப்பட்டிருப்பதால் அது எளிதில் உடையக்கூடியது. நீர் மூலக்கூறு தாக்கினால் வளையம் திறந்து, கிருமியைக் கொல்லும் ஆற்றலற்ற பென்சிலோயிக் அமிலம் உருவாகிறது.

1928இல் லண்டனில் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கால் அதைக் கெடாமல் பிரித்தெடுக்க முடியாமல் போனதற்கு இந்த நிலையற்ற தன்மை முக்கிய காரணம். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் கரைசலைக் குளிர்நிலையில் வைத்துப் பிரித்தெடுத்து, உறைநிலையில் உலர்த்தித் தூளாக்கியதன் மூலம் இத்தடையைக் கடந்தனர்.

வெப்பமும் ஈரமும்

வெப்பநிலை 10 பாகை உயரும்போது இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று மடங்காகிறது என்பது பொதுவான கணிப்பு. கரைத்த மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்குமாறு கூறப்படுவது இதனாலேயே. அமொக்சிசிலினுடன் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்துகளில் இது மேலும் கட்டாயமாகிறது. கிளாவுலானிக் அமிலம் ஈரத்தில் இன்னும் விரைவாகச் சிதைவதே காரணம். அதன் மாத்திரைகள் ஈரம் உறிஞ்சும் பொருளுடன் அடைக்கப்படுவதும் இதனால்தான்.

மிதமான தட்பவெப்ப நாடுகளுக்கான மருந்துகள் வழக்கமாக 25 பாகை வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதத்திலும் நீண்டகாலச் சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றன. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கு 30 பாகையும் 75 சதவீதமும் அளவுகோல். ஆகவே ஐரோப்பாவில் வாங்கிய மருந்தைத் தாயகத்துக்கு எடுத்துச் செல்வோர், பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள காலாவதித் திகதி அங்குள்ள வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று கருதிவிடக் கூடாது.

காலாவதியும் ஆபத்தும்

காலாவதியான மருந்துகள் எல்லாமே உடனே பயனற்றுப் போவதில்லை என்பதும் உண்மை. அமெரிக்க இராணுவத்தின் இருப்பிலிருந்த 122 மருந்துகளை ஆராய்ந்து 2006இல் வெளியான அறிக்கை, 88 சதவீதத் தொகுதிகளின் ஆயுளைக் குறைந்தது ஓராண்டாவது நீட்டிக்க முடிந்ததாகக் கூறியது. ஆனால் அவை திறக்கப்படாத பொதிகளில், கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் வைக்கப்பட்டிருந்தவை. சமையலறை அலமாரியில் இருக்கும் குப்பிக்கு இம்முடிவு பொருந்தாது.

சில மருந்துகள் சிதைந்தால் வலுவிழப்பதோடு நிற்பதில்லை. பழைய டெட்ராசைக்ளினை உட்கொண்டவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது 1963இல் மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. சிதைவில் உண்டாகும் வேறொரு சேர்மமே அதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது.

பென்சிலின் வகை மருந்துகளைப் பொறுத்தவரை, வலுவிழப்பு கண்ணுக்குத் தெரியாமலே நிகழக்கூடும் என்பதே கவலைக்குரியது. நிறமும் மணமும் மாறாத பாணியில் போதிய மருந்து இல்லாவிட்டால் குழந்தையின் நிமோனியா குணமாகாது. குறைந்த அளவு மருந்தைச் சந்தித்துத் தப்பும் கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெறவும் வாய்ப்பு உண்டு.

குளிர்சாதன வசதியற்ற வீடுகளுக்கு இதில் ஒரு மாற்று உள்ளது. கொடுக்கும் வேளையில் மட்டும் நீரில் கரைக்கக்கூடிய அமொக்சிசிலின் மாத்திரைகளைக் குழந்தைகளின் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஊக்குவிக்கின்றன. கரைத்த மருந்தைச் சேமித்து வைக்கும் தேவையே அங்கு எழுவதில்லை.