பிரண்ட காலும் ஐஸ் கட்டியும்

கொழும்பில் படிக்கும் எங்களுக்கு ஞாயிறு பின்னேரம் என்றால் ரெனிஸ் பந்துக் கிரிக்கெட்தான். புல்லுள்ள மைதானம் கிடைக்காது. ஒரு கட்டடத்துக்குப் பின்னாலுள்ள சீமெந்துத் தரையில்தான் ஆட்டம். இரண்டு மாதத்துக்கு முன் எங்களில் ஒருவன் பந்தைத் துரத்திப் போய்க் கானின் விளிம்பில் கால் வைத்தான். கணுக்கால் பிரண்டது. கொஞ்ச நேரத்தில் நல்ல வீக்கம்.

உடனே மூன்று கட்சி. ஒருவன் ஐஸ் வாங்கக் கடைக்கு ஓடினான். இன்னொருவன் "நோவெண்ணெய் பூசி உருவிவிட்டால் சரி" என்றான். மூன்றாமவன் "எக்ஸ்ரே எடுக்கோணும்" என்று நின்றான். அடிபட்டவனோ "ஒண்டுமில்ல மச்சான், ரெண்டு குளிசை போட்டால் காணும்" என்றான். அடுத்த ஞாயிறு ஓர் ஆள் குறைந்தது. நாங்கள் கூப்பிட்டோம், அவனும் குளிசை போட்டுக்கொண்டு வந்தான். அதே கால் திரும்பவும் பிரண்டது.

அதன் பிறகுதான் இந்த மூன்று கட்சியும் எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கினோம்.

எண்ணெய்க் கட்சிதான் மூத்தது. எலும்பு முறிவைப் பன்னிரண்டாகவும் மூட்டு விலகலை ஆறாகவும் சுசுருத சங்கிதை பிரித்துச் சொல்கிறது. எங்கள் ஊர்களில் முறிவு நெரிவு வைத்தியம், சிங்களத்தில் 'கெடும் பிந்தும்'. பெரும்பாலும் குடும்பத்துக்குள் கைமாறி வந்த வித்தை இது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் வந்தபோது சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் எல்லாம் அதற்குள் இடம்பெற்றன. எங்கள் அம்மம்மாமார் சொல்லும் கதைகளில் எண்ணெயைவிட வேறொன்று கவனத்தை இழுத்தது. பத்துப் போட்டுக் கட்டிவிட்ட வைத்தியர், "இத்தனையாம் நாள் வா, அவிழ்த்துப் பார்த்துத்தான் சொல்லுவன்" என்பாராம். அதுவரை ஓடக்கூடாது. மருந்தோடு சேர்த்து நாளும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஐஸ் கட்சி அவ்வளவு பழசில்லை. குளிர் வைத்து வீக்கத்தைக் குறைப்பது பழைய கிரேக்க வைத்தியத்திலும் உண்டு. ஆனால் எங்கள் வெக்கைக்குள் ஐஸுக்கு எங்கே போவது? 1833இல் பொஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் வந்து இறங்கியபோது அது பெரிய அதிசயம். கொழும்பில் 1866இல் கொம்பனித் தெருவில் ஓர் ஐஸ் கொம்பனி தொடங்கியது. நாங்கள் குடிக்கும் நெக்டோவைச் செய்யும் எலிபன்ட் ஹவுஸின் வேர் அதுதான். ஆனாலும் கால் பிரண்டவுடன் ஐஸ் என்று எல்லோரும் ஓடும் பழக்கம் அதற்கு நூறு வருசத்துக்குப் பிறகுதான் வந்தது.

அதற்கு ஓட்டப் பைத்தியம் ஒரு காரணம். 1972 மியூனிக் ஒலிம்பிக் மரதனில் அமெரிக்கரான பிராங்க் ஷோர்ட்டர் வென்ற பிறகு, அமெரிக்க நகரங்களில் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து வேலை செய்தவர்களும் தெருவில் ஓட இறங்கினார்கள். சுளுக்கும் முழங்கால் நோவும் சாதாரண ஆட்களின் பிரச்சினையாகின. 1978இல் கேப் மேர்கின் என்ற வைத்தியர், தானும் ஓட்டக்காரர், விளையாட்டு மருத்துவம் பற்றிய புத்தகமொன்றில் நான்கு சொற்களைக் கொடுத்தார்: ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ரைஸ்', அதாவது சோறு. மறக்க முடியாத பெயர். உலகம் முழுக்கப் பரவியது.

2014இல் அதே மேர்கின் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கம் வெறும் எதிரியல்ல, திருத்த வேலைக்கு வரும் கலங்களும் அதோடுதான் வருகின்றன. ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். கொஞ்ச நேரம் ஐஸ் வைத்தால் நோவு குறையும், அது உண்மை. அதற்குமேல் அதிடம் எதிர்பார்க்கக்கூடாது. 2019இல் டுபுவா, எஸ்குலியே என்ற இருவர் புதிய ஒழுங்கொன்றை முன்வைத்தார்கள். முதல் சில நாள் காலைக் காப்பாற்று. வீக்கத்தை அடக்கும் குளிசைகளை ஆரம்பத்திலேயே விழுங்காதே. பிறகு நோவு அனுமதிக்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடு, நட, பயிற்சி செய். எங்கட நண்பன் செய்தது இதற்கு நேர்மாறு.

எக்ஸ்ரே கட்சிக்கும் ஒரு கதை உண்டு. கனடாவின் ஒட்டாவாவில், பிரண்ட கணுக்கால் எல்லாவற்றுக்கும் எக்ஸ்ரே எடுத்து, பெரும்பாலானவற்றில் முறிவே இல்லாமல் இருந்தது. 1992இல் இயன் ஸ்டீல் என்ற வைத்தியரின் குழு எளிய விதியொன்றை வெளியிட்டது. கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின் விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது நோகுதா? அடிபட்டவுடனும் வைத்தியரிடம் போனபோதும் நாலு அடி வைக்க முடியவில்லையா? இதில் ஒன்றுக்கு 'ஓம்' என்றாலே எக்ஸ்ரே எடுக்க வேணும். பாதத்தின் நடு எலும்புகளுக்கும் இதேபோல் ஒரு விதி உண்டு. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. மறத்துப்போனால், கால் கோணலாகத் தெரிந்தால் விதியெல்லாம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவ்வளவையும் வாசித்த பிறகு எங்களுக்கு உறுத்தியது ஒன்றுதான். எண்ணெய் போய் ஐஸ் வந்தது, ஐஸிலும் சந்தேகம் வந்தது. ஆனால் கால் ஆற நாள் எடுக்கும் என்பதை இவர்களில் யாரும் மறுக்கவில்லை. நகரத்தில் இல்லாமல் போனது அந்த நாட்கள்தான். காலி வீதி பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்க வேணும், மூன்றாம் மாடி அறைக்குப் படி ஏற வேணும். நாள் கூலிக்குப் போகிறவருக்கும் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போகிறவருக்கும் 'ஓய்வெடு' என்ற சொல்லே பகிடி மாதிரி இருக்கும். எங்களுக்கு அந்தச் சாட்டும் இல்லை. ஓர் ஆள் குறையுது என்பதற்காக மட்டும் அவனைக் கூப்பிட்டோம்.

ஒருமுறை பிரண்ட கால் திரும்பப் பிரளும் வாய்ப்புக் கூட. அதனால் இப்போது அவன் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கதிரை போட்டு ஸ்கோர் எழுதுகிறான். இன்னும் ஓர் ஆள் குறைவாகத்தான் விளையாடுகிறோம்.