நிமிடத்துக்கு எத்தனை டிக்கெட்: ரயில் முன்பதிவுத் தளத்தின் மறுவடிவங்களும் பெரம்பலூர், அரியலூர்ப் பயணிகளும்

பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையம் கிடையாது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1920களின் இறுதியில் விழுப்புரத்தையும் திருச்சியையும் நேராக இணைத்துப் போடப்பட்ட கார்டு லைன் மட்டும் ஊருக்குக் கிழக்கே விலகி, விருத்தாசலம், அரியலூர் வழியாக ஓடுகிறது. ரயிலேற வேண்டுமானால் சுமார் 30 கிலோமீட்டர் போய் அரியலூரில் ஏற வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்யும்போதும் இந்த விலகல் தெரியும். நிலையத்தின் பெயரைக் கேட்கும் கட்டத்தில் ‘பெரம்ப’ வரை ஆங்கிலத்தில் தட்டினால் சென்னையின் பெரம்பூர்தான் வந்து நிற்கும். ‘ஏஎல்யு’ என்ற குறியீட்டைக் கொண்ட அரியலூரைத் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கே மேற்கொண்டு வழி திறக்கும்.

ஆகவே பெரம்பலூர்க் குடும்பம் ஒன்றுக்கு ரயில்வேயின் வாசல் என்பது நடைமேடையோ சாளரமோ அல்ல, ஐஆர்சிடிசி இணையதளம்தான். அந்த வாசல் 2002 முதல் பலமுறை இடித்துக் கட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் கட்டியவர்கள் சொன்ன அளவு ஒன்றே: நிமிடத்துக்கு எத்தனை டிக்கெட். பயணிகள் அதற்கு எப்படி எதிர்வினை ஆற்றினார்கள், அந்த எதிர்வினையில் எது மேலே போய்ச் சேர்ந்தது, எது வழியிலேயே கரைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கணினி முன்பதிவு வானூர்தித் துறையில் பிறந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய ‘சேபர்’ 1960களில் அதைத் தொடங்கிவைத்தது. இந்திய ரயில்வேயில் அது 1980களின் நடுவில் டெல்லியில் அறிமுகமாகி, பின்னர் சென்னை உள்ளிட்ட ஐந்து மையங்களுக்குப் பரவியது. அந்த ஐந்தும் 1999இல் ஒரே வலையாக இணைந்தன. அதுவரை, போன ஊரிலிருந்து திரும்பி வரும் டிக்கெட்டை இங்கிருந்தே எடுப்பது பெரும்பாடாக இருந்தது. அந்தக் காலத்துச் சாளரத்தில் இருந்த ஒரு வசதியை இங்கே குறித்தாக வேண்டும். முன்பதிவுப் படிவம் தமிழில் இருந்தது. எழுதத் தெரியாதவருக்கு வரிசையில் அடுத்து நிற்பவர் நிரப்பிக் கொடுப்பார். சாளரத்துக்கு உள்ளே இருப்பவரிடம், “கீழ் பெர்த் இருந்தா பாருங்க சார், அம்மாவுக்கு முட்டி வலி” என்று சொல்ல முடிந்தது.

ஐஆர்சிடிசி தொடங்கப்பட்டது 1999இல். அதன் இணைய முன்பதிவு 2002 ஆகஸ்ட் 3இல் வந்தது. நம் மாவட்டங்களின் வரலாற்றிலும் அது ஒரு விசித்திரமான ஆண்டு. 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து 2001 ஜனவரியில் அரியலூர் தனியாகப் பிரிந்தது. 2002 மார்ச் இறுதியில் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23இல் மறுபடி தனி மாவட்டமானது. ஆக, இணைய முன்பதிவு தொடங்கியபோது அரியலூர் நிலையம் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் இருந்தது. முன்பதிவு மெல்ல வீட்டுக்கு வந்து சேர்ந்த காலத்தில், நிலையம் மாவட்டத்தை விட்டே போய்விட்டது.

தொடக்கத்தில் இணையத்தில் பணம் கட்டினாலும் காகித டிக்கெட் கூரியரில்தான் வரும். அந்த ஏற்பாடு பெருநகரங்களுக்கு உதவிய அளவுக்குச் சிற்றூர்களுக்கு உதவவில்லை. 2005இல் வந்த இ–டிக்கெட்தான் உண்மையான திருப்பம். வீட்டிலோ கடையிலோ அச்சிட்டுக்கொள்ளலாம் என்றானது. பிரௌசிங் சென்டர்கள் அப்போது ரயில்வேயின் பெயர்ப்பலகை இல்லாத கிளைகளாயின. தொழில்நுட்பத்தின் உதவியோடு சாளரத்துக் குமாஸ்தாவின் இடத்தில் வந்து உட்கார்ந்தவர் கீபோர்டு தெரிந்த ஓர் இளைஞர். என் வாதத்தின் மையம் இவர்தான். எந்த மறுவடிவமைப்பின் கணக்கிலும் இவர் வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் சுமையையும் இவரே தாங்கினார்.

வாடிக்கையாளர் எதிர்வினை என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான உறவைப் பொறுத்தது. விமானம் செய்யும் போயிங் நிறுவனம் 1996இல் உதிரிபாகங்களை இணையத்தில் ஆர்டர் செய்ய வழிசெய்தது. 2000இல் ‘மைபோயிங்ஃப்ளீட்’ என்ற வாடிக்கையாளர் தளத்தைத் திறந்தது. அதன் வாடிக்கையாளர்கள் விமான நிறுவனங்கள். பக்கம் பிடிக்கவில்லை என்றால் நிறுவனத்தின் பொறியாளரையே தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் பலம் அவர்களுக்கு உண்டு. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ரயில் தளத்தில் தனிப்பயணிக்கு அந்தப் பலம் இல்லை. பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் சொன்ன பகுப்பு இங்கே பொருந்துகிறது: சேவை பிடிக்காதவர் விலகிப் போவார் அல்லது குரல் கொடுப்பார். பெரம்பலூர்க்காரருக்கு விலகுவது எளிது. நெடுஞ்சாலைக்கு வந்தால் சென்னைக்குப் பேருந்து உண்டு. அரியலூர்க்காரருக்கு அத்தனை எளிதல்ல. பல்லவனையும் வைகையையும் மலைக்கோட்டையையும் நம்பியே அந்த ஊர் சென்னைக்குப் போய்வருகிறது. பொங்கல், தீபாவளி நெருங்கி ஆம்னி பேருந்துக் கட்டணம் ஏறும்போது பெரம்பலூர்க்காரருக்கும் அந்தக் கதவு சாத்தப்படுகிறது. அப்போது இரண்டு ஊராரும் ஒரே திரைக்கு முன்னால்தான் உட்கார வேண்டும்.

2014 ஏப்ரல் 28இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற பெயரில் புதிய அமைப்பு வந்தது. நிமிடத்துக்கு 2,000 ஆக இருந்த திறன் 7,200 ஆகும், ஒரே நேரத்தில் 40,000 பேருக்குப் பதில் 1,20,000 பேர் உள்ளே இருக்கலாம் என்று அறிவித்தார்கள். இந்த உயர்வு மெய். முன்பு காலை நேரத்தில் பக்கமே திறக்காமல் வெள்ளையாக நின்ற நிலை பெருமளவு மாறியது. ஆனால் ரயிலில் படுக்கைகள் கூடவில்லை. கதவு அகலமானதால் அதே படுக்கைகள் முன்பைவிட வேகமாகத் தீர்ந்தன. பயணியின் கண்ணுக்குத் தெரிந்தது இந்த இரண்டாவது விளைவுதான்.

காலை 11 மணித் தட்கலைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். இரண்டு நிமிடம் முன்பே லாகின் செய்து, பயணிகள் பெயர்களை மாஸ்டர் லிஸ்டில் ஏற்றி வைத்திருப்பார்கள். மணி அடித்ததும் ஸ்லீப்பரைத் தொட்டு, தட்கல் கோட்டாவைத் தேர்ந்து, வளைந்து நெளிந்த கேப்ச்சா எழுத்துகளைப் படித்துத் தட்ட வேண்டும். பிறகு வங்கிப் பக்கம். அங்கே ஓடிபிக்காகக் காத்திருப்பு. அது வந்து சேர்வதற்குள் இருக்கை எண்ணிக்கை வெயிட்டிங் லிஸ்டாக மாறியிருக்கும். அரியலூர்க்காரருக்கு இன்னொரு படியும் உண்டு. இடைநிலையங்களுக்கான கோட்டா குறைவு என்பதால், திருச்சியிலிருந்து டிக்கெட் போட்டு, ‘ஏறும் நிலையம்’ என்ற கட்டத்தில் அரியலூரைக் குறிப்பது இங்கே பழக்கம். பக்க அமைப்பை மாற்றும்போது இந்தக் கட்டம் இடம் மாறினால் போதும், கை தன்னால் போகும் இடத்தில் அது இருக்காது. வடிவமைப்பவருக்கு அது சிறு நகர்த்தல். 11 மணிக்கு உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு படுக்கையின் இழப்பு.

2016 பிப்ரவரியில் ஒரு பயனர் கணக்கில் மாதத்துக்கு ஆறு டிக்கெட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்று வரம்பு வந்தது. முறைகேடு செய்யும் முகவர்களை நோக்கி எறிந்த வலை அது. அதில் தெருவுக்கே டிக்கெட் போட்டுக் கொடுக்கும் பிள்ளைகளும் சிக்கினார்கள். ஆதார் இணைத்தவருக்கு வரம்பு பின்னர் உயர்ந்தது. 2022 முதல் இணைத்தவருக்கு 24, இணைக்காதவருக்கு 12.

2018இல் வந்த வடிவம், என் மதிப்பீட்டில், பயணியை நினைத்துச் செய்யப்பட்ட முதல் மாற்றம். லாகின் செய்யாமலே ரயில்களைத் தேடலாம், எழுத்தின் அளவைக் கூட்டலாம், காத்திருப்புப் பட்டியல் உறுதியாகும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்கலாம். 2020 டிசம்பர் 31இல் வந்த அடுத்த வடிவம் மீண்டும் எண்ணிக்கையைப் பேசியது: நிமிடத்துக்கு 10,000க்கும் மேல். உணவும் தங்குமிடமும் டிக்கெட்டோடு சேர்த்தே பதிவு செய்யலாம் என்றார்கள். முழங்கால் வலிக்காரருக்குக் கீழ் பெர்த் கேட்பது அதிலும் ஒரு சிறு தேர்வுக் கட்டமாகவே இருந்தது.

குரல் கொடுத்தும் பலனில்லாதபோது சிலர் குறுக்குவழி போட்டார்கள். 2020 அக்டோபரில் திருப்பூரைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரை ரயில்வே பாதுகாப்புப் படை கைது செய்தது. தட்கல் படிவத்தை விரைவாக நிரப்பும் செயலிகளை அவர் உருவாக்கி, பணம் பெற்று வழங்கினார் என்பது வழக்கு. சட்டப்படி அது தவறு. ஆனால் அந்தச் செயலிகளைத் தேடி அத்தனை பேர் போனார்கள் என்பதைக் குற்றப் பதிவாக மட்டும் படிக்கக் கூடாது. அதிகாரபூர்வப் பக்கத்தைப் பற்றிப் பயணிகள் அளித்த தீர்ப்பு அது. 2021இல் நேர் எதிரான எதிர்வினை ஒன்றும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. டிக்கெட் எடுக்கப் போன தாம்பரத்துப் பள்ளி மாணவர் ஒருவர், பிற பயணிகளின் விவரங்களைப் பார்க்க முடிகிற ஓட்டையைக் கண்டு, தேசியக் கணினி அவசரநிலைக் குழுவுக்குத் தெரிவித்தார். சில நாட்களில் அது அடைக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் பயணி சொன்னது இவ்வளவு சீக்கிரம் மேலே போய்ச் சேர்ந்த நிகழ்வுகள் அரிது.

போய்ச் சேராத ஒன்று மொழி. தளம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இயங்குகிறது. சாளரத்துப் படிவத்தில் இருந்த தமிழ் திரைக்கு வரவில்லை. 2024 நவம்பரில் எல்ஐசி இணையதளத்தின் முகப்பு இந்தியில் திறந்தபோது, மொழியை மாற்றும் பொத்தான்கூட இந்தியில் இருந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமியும் கண்டித்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கி எல்ஐசி வருத்தம் தெரிவித்தது, ஆங்கிலம் திரும்பியது. ரயில் தளத்தில் தமிழ் இல்லாதது அப்படியொரு எதிர்ப்பைக் கிளப்பவில்லையே, ஏன்? வந்து போன ஒன்று கண்ணில் படும். என்றுமே இல்லாத ஒன்று படாது என்பது பாதி விடை. மீதி விடை பிரௌசிங் சென்டரில் இருக்கிறது. குன்னத்திலிருந்தோ செந்துறையிலிருந்தோ வரும் பெரியவர் தளத்தைப் பார்ப்பதே இல்லை. தேதியையும் ஊரையும் வாயால் சொல்கிறார். இளைஞர் அதை ஆங்கிலமாக்கித் தட்டுகிறார். பெரியவருக்கு வரவேண்டிய கோபத்தை இடையில் இருப்பவரின் திறமை விழுங்கிவிடுகிறது. வடிவமைத்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

இடையில் இருப்பவருக்கான இந்த இடம் இப்போது சுருங்குகிறது. 2025 ஜூலை 1 முதல் ஆதார் உறுதி செய்த கணக்குகளில் மட்டுமே இணையத் தட்கல்; ஜூலை 15 முதல் ஆதார் ஓடிபியும் கட்டாயம். தட்கல் திறந்த முதல் 30 நிமிடம் அங்கீகாரம் பெற்ற முகவர்களுக்கும் தடை. தொடக்க ஐந்து நிமிடங்களில் உள்நுழைய முயல்பவற்றில் பாதி வரை தானியங்கி நிரல்கள் என்றும், சந்தேகத்துக்குரிய 2.5 கோடி கணக்குகள் முடக்கப்பட்டன என்றும் ரயில்வே தெரிவித்தது. பயணிகள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த புகார் உண்மைதான் என்று நிர்வாகமே ஒப்புக்கொண்ட எண்கள் இவை. நடவடிக்கை தேவையானது, நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் இதன் மறுபக்கம் கடையில்தான் தெரியும். ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறதோ அவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கணக்கும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். செந்துறைப் பெரியவர் முதன்முறையாகத் தானே அந்தத் திரையைப் பார்க்கப் போகிறார். அதே ஜூலை 1இல் வெளியான ‘ரயில்ஒன்’ செயலி, முன்பதிவையும் சாதாரண டிக்கெட்டையும் ரயில் நிலவரத்தையும் ஒரே இடத்தில் தருகிறது. அந்தப் பெரியவர் அதைத் திறந்ததும் தமிழில் கேள்வி கேட்கப்பட வேண்டும். ‘பெரம்பலூர்’ என்று அவர் தட்டினால் அருகில் உள்ள நிலையம் அரியலூர் என்று காட்ட வேண்டும். நிமிடத்துக்கு 10,000 டிக்கெட் கொடுக்கத் தெரிந்த அமைப்புக்கு இவை இரண்டும் பெரிய வேலை அல்ல.