கல்லறை வாசலிலிருந்து தொலைபேசி மேசைக்கு: தற்கொலைத் தடுப்பும் தென்சென்னைத் திருச்சபைகளும்

சாந்தோம் பேராலயத்திலிருந்து சிறிது தொலைவில், ராஜா அண்ணாமலைபுரத்தில், சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் இயங்கி வருகிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய இந்த அமைப்பு எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தொலைபேசியில் பேசுவோரின் வேதனையைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதே இதன் அடிப்படை வேலை. இந்த முறை முதலில் உருவானது லண்டன் தேவாலயம் ஒன்றில். தற்கொலை செய்துகொண்டவருக்குக் கல்லறையில் இடம் மறுத்த ஒரு மரபுக்குள்ளிருந்தே அது பிறந்தது. அந்தப் பாதையைத் தொடர்ந்து பார்த்தால், இன்றைய பங்குகளிலும் சபைகளிலும் யாருக்கு, எத்தகைய பயிற்சி தேவை என்பது தெளிவாகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மறுப்பின் வரலாறு நீண்டது. ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன், கொலை செய்யாதே என்னும் கட்டளை தன்னைக் கொல்வதற்கும் பொருந்தும் என்று வாதிட்டார். ஆறாம் நூற்றாண்டில் கூடிய பிராகா சங்கம் தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்கச் சடங்கின் மரியாதைகளை விலக்கியது. 1917ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது. ஆங்கிலிக்கன் மரபும் இதற்கு விலக்கல்ல. 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தின் அடக்க ஆராதனைக் குறிப்பு, ஞானஸ்நானம் பெறாதவரோடும் சபை விலக்கம் பெற்றவரோடும் இவர்களையும் சேர்த்து வைத்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அதில் இணைந்த ஆங்கிலிக்கன் சபைகள் வளர்ந்து வந்த மரபு இது.

நாட்டின் சட்டமும் இதே திசையில்தான் நின்றது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. போலீஸ் வாசலும் கோயில் வாசலும் ஒருசேர அச்சுறுத்தியபோது குடும்பங்கள் மறைக்கக் கற்றுக்கொண்டன. வயிற்று வலி தாங்காமல் என்று நாளிதழ்களில் நாம் படித்துப் பழகிய தொடருக்குப் பின்னால் எத்தனை வீடுகளின் அச்சம் இருந்திருக்கும்! பிழைத்து வந்தவருக்கு அந்த மௌனம் இரண்டாவது தண்டனை ஆயிற்று.

மாற்றத்தைத் தொடங்கியவர்களும் சபை ஊழியர்களே. 1906இல் நியூயார்க்கில் பாப்டிஸ்ட் போதகர் ஹாரி வாரன் உயிர்காப்புச் சங்கம் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வில்லியம் பூத்தின் இரட்சணிய சேனை லண்டனில் தற்கொலைத் தடுப்புப் பணியகம் திறந்தது. ஆனால் இன்றைய பயிற்சியின் வேர் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவிடம் இருக்கிறது. 1935இல், இளம் உதவிக்குருவாக இருந்த நாளில், அவர் ஒரு பதின்வயதுச் சிறுமியின் அடக்கத்தை நடத்த நேர்ந்தது. முதல் மாதவிடாயைப் பால்வினை நோய் என்று அஞ்சி அவள் உயிரை விட்டிருந்தாள். விளக்கம் கேட்க அவளுக்கு ஒருவரும் இல்லை. 1953 நவம்பரில், லண்டன் வால்புரூக் புனித ஸ்தேவான் ஆலயத்தில், இத்தகையோருக்கென்றே வாரா ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார்.

பிறகு நடந்தது அவரே எதிர்பாராதது. குருவைப் பார்க்க வந்தவர்கள் முன்னறையில் காத்திருந்தார்கள். உதவிக்கு வந்திருந்த சபையார் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்கள். பலர் மனப்பாரம் குறைந்து, குருவைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்கள். சில மாதங்களில், 1954 பிப்ரவரியில், கேட்கும் பணியை வாரா அந்தத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். ஒரு நாளிதழ்த் தலைப்பிலிருந்து சமாரித்தன்ஸ் என்ற பெயர் அமைப்புக்கு வந்து சேர்ந்தது. அழைப்பவரிடம் தன் மத நம்பிக்கையைத் திணிக்கக் கூடாது என்பது அதன் கண்டிப்பான விதி. மதத்தைப் பேசாதே என்று விதி வகுத்தவர் ஒரு குரு என்பதை நம் சபைகள் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் நம்பிக்கையை விட்டு விலகவில்லை. துயரத்தில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது கேட்கும் காது என்பதைக் கண்ணால் கண்டு ஏற்றுக்கொண்டார்.

அங்கிருந்து இந்த முறை கடல் கடந்தது. 1974இல் ஜோன் டி மெல் கொழும்பில் சுமித்ரயோ அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் தொடங்கிய சினேகாவும் இதே முறையைப் பின்பற்றும் பன்னாட்டுக் குடும்பத்தில் இணைந்தது. தமிழ்நாட்டில் மிஷன் மருத்துவத்தின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி கணியம்பாடி வட்டாரத்தில் நடத்திய ஆய்வு 2004இல் லான்செட் இதழில் வெளிவந்தது. 10 முதல் 19 வயதுப் பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர், ஆண்களில் 58 பேர் தற்கொலையால் இறந்ததாக அது காட்டியது. அரசுப் பதிவேடுகள் எவ்வளவு குறைத்துச் சொல்லியிருந்தன என்பதை வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர்களின் குறிப்பேடுகள் வெளிப்படுத்தின.

சென்னையில் 100 தற்கொலைகளை ஒப்பீட்டுக் குழுவோடு ஆராய்ந்து லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் 1999இல் வெளியிட்ட கட்டுரையில், கடவுள் நம்பிக்கை இல்லாமை ஆபத்துக் காரணிகளுள் ஒன்றாகத் தென்பட்டது. இதை வைத்துச் சபைகள் நிம்மதி கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. நம்பிக்கை காக்கிறது என்றால், அதன் ஒரு பகுதி வாரந்தோறும் நம்மைப் பெயர் சொல்லி விசாரிக்கும் மனிதர்களிடம் இருக்கிறது. பாவம் என்ற அச்சம் மட்டும் எஞ்சி அந்த விசாரிப்பு இல்லாமற்போனால், அதே நம்பிக்கை வாயை அடைத்துவிடும்.

தொழில்முறை மருத்துவர் அல்லாதவர் உண்மையிலேயே உதவ முடியுமா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே விடை கிடைத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உறவினரை இழந்தவர்களுக்குச் சென்னைக் கடற்கரையில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் துணை நின்றார்கள். 2008இல் வெளியான மதிப்பீடு, அந்தத் துணை மனச்சோர்வைக் குறைத்ததாகக் காட்டியது. அதே ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து நாட்டு ஆய்வும் வந்தது. சென்னையும் கொழும்பும் அதில் இடம்பெற்றிருந்தன. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை கிடைத்தது. மறுபாதியினருக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பும் கிடைத்தன. முடிவில் தற்கொலையால் இறந்தோர் முதல் குழுவில் 2.2 விழுக்காடு, இரண்டாவதில் 0.2 விழுக்காடு.

அந்த ஒன்பது சந்திப்புகளின் நாள்கணக்கு என்னை மிகவும் யோசிக்க வைத்தது: முதல் வாரம், இரண்டாம், நான்காம், ஏழாம், பதினோராம் வாரங்கள், பிறகு நான்காம், ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதங்கள். கத்தோலிக்க வீடுகளில் இறந்தவருக்கு மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் திருப்பலி உண்டு. ஆண்டுத் திருப்பலியை யாரும் மறப்பதில்லை. இறந்தவரை நினைக்க இவ்வளவு ஒழுங்கான கால அட்டவணை வைத்திருக்கும் சமூகம், பிழைத்து வீடு திரும்பியவருக்கு ஓர் அட்டவணை வைத்துக்கொள்ள முடியாதா? மேற்படி ஆய்வில் விசாரித்தவர்கள் மருத்துவப் பின்னணி உள்ளவர்கள். எனவே சபையாரின் விசாரிப்பு சிகிச்சைக்கு மாற்று ஆகாது. சிகிச்சையோடு சேர்ந்த துணையாகவே அமைய வேண்டும்.

திருச்சபைச் சட்டமும் இதற்குள் மாறிவிட்டது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில், அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை செய்துகொண்டவர் இல்லை. 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏடு, கடும் மனக்கலக்கமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்று ஏற்று, அவர்களுக்காகத் திருச்சபை செபிப்பதாகச் சொல்கிறது. நாட்டில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டுமே குற்றம். ஆனால் சட்டப் புத்தகம் மாறிய வேகத்தில் பங்கு மக்களின் பேச்சு மாறிவிடுவதில்லை. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது.

பயிற்சி என்றதும் நாம் குருக்களையே நினைக்கிறோம். கத்தோலிக்கக் குருவுக்கு இதில் ஒரு தனி நெருக்கடி உண்டு. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எக்காரணத்துக்காகவும் அவர் வெளியிட முடியாது; உயிர் காக்கும் பொருட்டுங்கூட விலக்கில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் ஒருவர் சாக நினைப்பதாகச் சொன்னால், இதே செய்தியை வெளியே வந்து என்னிடமோ வேறொருவரிடமோ சொல்லுங்கள் என்று குரு அவரை வற்புறுத்தலாம். அதற்கு மேல் வழியில்லை. அந்த வேறொருவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்பியம் என்னும் அண்டைவீட்டுச் செபக் குழுவில் அடுத்த தெருவில் இருக்கும் அக்காவாக, வின்சென்ட் தே பவுல் சபையில் அரிசி கொண்டு தரும் அண்ணனாக, சி.எஸ்.ஐ. சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் ஒருவராக அவர் இருக்கலாம். ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியக் கடமை அவர்களைக் கட்டுப்படுத்தாது. அதனாலேயே பயிற்சி அவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

கற்க வேண்டியவை சிலவே. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆபத்து நெருக்கமாகத் தெரிந்தால் தனியே விடாமல், வீட்டில் உள்ள ஆபத்தான பொருட்களை அகற்றி, மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். வேத வசனம் சொல்லித் தேற்றுவதற்கு முன் முழுக்கக் கேட்க வேண்டும். பயிற்சியில் மிகக் கடினமான பாடம் இதுவாகவே இருக்கும். சினேகாவின் 044-24640050 என்ற எண்ணையும், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் 14416 என்ற எண்ணையும் ஞாயிறு அறிவிப்புகளோடு வாசிக்கலாம். பங்கு மடலில் அச்சிடலாம். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பும் நாளில், முதல் வாரச் சந்திப்புக்கு யார் போவது, இரண்டாம் வாரத்துக்கு யார் போவது என்பதை அவரது சம்மதத்தோடு முடிவு செய்து, பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும்.