ரேடியோ அலைகளால் பிளாஸ்மாவைச் சூடேற்றுதல்

அணுக்கரு இணைவு ஆய்வுக்கலன்களில் பிளாஸ்மாவை 10 கோடி டிகிரிக்கு மேல் கொண்டுசெல்லும் வழிகளுள் இது ஒன்று. டோக்கமாக் என்னும் வளைய வடிவக் காந்தக் கலனில் பிளாஸ்மாவை முதலில் சூடாக்குவது அதனூடே பாயும் மின்னோட்டம்தான். ஆனால் வெப்பம் ஏற ஏற பிளாஸ்மாவின் மின்தடை குறைந்துகொண்டே போகும். ஓர் அளவுக்குமேல் மின்னோட்டத்தால் பயனில்லை. மிச்சத் தூரத்தைக் கடக்க வெளியிலிருந்து ஆற்றல் ஊட்டியாக வேண்டும்.

காந்தப்புலத்தில் அகப்பட்ட துகள் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சுழல்கிறது. 1 டெஸ்லா புலத்தில் புரோட்டானுக்கு இது சுமார் 15 மெகாஹெர்ட்ஸ், எலக்ட்ரானுக்கு 28 கிகாஹெர்ட்ஸ். அதே அதிர்வெண்ணில் வரும் அலையிடமிருந்து துகள் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். டோக்கமாக்கில் காந்தப்புலம் உள்விளிம்பிலிருந்து வெளிநோக்கிக் குறைந்துகொண்டே போவதால், எந்த இடத்தில் சூடேற வேண்டும் என்பதை அதிர்வெண்ணாலேயே தேர்ந்தெடுக்கலாம். இம்முறையின் தனிச்சிறப்பு இதுவே.

பிரின்ஸ்டனில் தாமஸ் ஸ்டிக்ஸ் 1950களின் பிற்பகுதியில் ஸ்டெல்லரேட்டர் என்னும் மற்றொரு வகைக் கலன்களில் அயனிகளை இவ்வாறு சூடேற்றிக் காட்டினார். 1962இல் அவர் எழுதிய பிளாஸ்மா அலைகள் பற்றிய நூல் துறைக்கே அடிப்படையாயிற்று. ஆனால் ஒரே வகை அயனி நிறைந்த பிளாஸ்மா அலையைச் சரியாக உறிஞ்சாது. டியூட்டீரியத்தில் சிறிதளவு ஹைட்ரஜனைக் கலந்தால் அந்தச் சிறுபான்மை அயனிகள் உறிஞ்சிக்கொள்ளும். இந்த எளிய உத்தி 1970களில் டோக்கமாக் சோதனைகளில் நிலைபெற்றது. ஆயினும் ஒரு தொல்லை தீரவில்லை. அயனி அலைக்கான ஆன்டெனா பிளாஸ்மாவை ஒட்டியே இருக்க வேண்டும். அப்போது சுவரிலிருந்து பெயரும் உலோக அணுக்கள் உள்ளே புகுந்து பிளாஸ்மாவைக் குளிர்விக்கின்றன.

எலக்ட்ரான் அதிர்வெண் அலையோ வெற்றிடத்திலும் பயணம் செய்யும். எட்ட நின்றே செலுத்தலாம். பல காலம் இருந்த குறை, அதை உண்டாக்கப் போதிய ஆற்றலுள்ள கருவி இல்லை என்பதே. 1964இல் சோவியத் ஒன்றியத்தின் கார்க்கி நகரில் கபோனோவ்-கிரேகோவ் குழுவினர் அத்தகைய கருவியான ஜைரோட்ரானை உருவாக்கினர். 1970களின் தொடக்கத்தில் மாஸ்கோவின் டிஎம்-3 டோக்கமாக்கில் அலிகாயெவ் குழு அதைப் பயன்படுத்தியது. திறன் கூடியபோது அலை வெளியேறும் சாளரம் வெப்பம் தாங்கவில்லை; 1990களில் செயற்கை வைரத் தகடுகள் வந்த பிறகே ஒரு மெகாவாட்டை நீண்ட நேரம் செலுத்த முடிந்தது.

அலைகளால் பிளாஸ்மாவில் மின்னோட்டத்தையே நிலைநிறுத்தலாம் என 1978இல் நத்தானியல் ஃபிஷ் காட்டினார். இதன் பலனாக ஜப்பானின் ட்ரையம்-1எம் 2003இல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிளாஸ்மாவைக் காத்தது. பிரான்சின் வெஸ்ட் கலன் 2025 பிப்ரவரியில் 2 மெகாவாட் அலை ஊட்டி 1,337 விநாடிகள் நீடித்தது.

பிரான்சில் எழும்பும் ஐட்டர் உலைக்கு முதலில் 24 ஜைரோட்ரான்கள், 170 கிகாஹெர்ட்ஸில், தலா ஒரு மெகாவாட் எனத் திட்டமிட்டிருந்தனர். உட்சுவருக்கு பெரிலியத்துக்குப் பதில் டங்ஸ்டனைத் தேர்ந்தெடுத்த 2024ஆம் ஆண்டுத் திட்டத்தில் எலக்ட்ரான் அலையின் பங்கு மேலும் உயர்த்தப்பட்டது.