கோவில்பட்டி காலண்டர் ஓவியம்

கோவில்பட்டி காலண்டர் ஓவியம் என்பது சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் கோவில்பட்டியில் வரைந்து, சிவகாசி அச்சகங்கள் ஊரெங்கும் பரப்பிய தெய்வப் படங்களின் பாணி. பூஜையறைப் படமாகத்தான் பலருக்கும் இது பழக்கம். பிறப்பால் இது விளம்பரம். சாமிக்குக் கீழே விட்டிருந்த வெற்றிடத்தில் ஜவுளிக்கடையோ நகைக்கடையோ தன் பெயரை அச்சடித்து வாடிக்கையாளருக்குக் கொடுத்தது.

பாணியின் மூலம் ஐரோப்பிய யதார்த்த ஓவிய மரபு. அதைப் புராணத்துக்குப் பழக்கியவர் ரவிவர்மா (1848–1906). 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் அந்தப் படங்களை எளிய வீடுகளுக்கும் கொண்டுபோனது. கொண்டையராஜு மதராஸ் ஓவியப் பள்ளியில் இதே பயிற்சி பெற்றவர்தான். ஆனால் அவருடைய கண்ணைப் பழக்கியது நாடக மேடை. நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதி ஊர் ஊராகப் போனவர், 1940களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். பின்னால் மலையும் தடாகமும், இருபுறமும் தூண், நடுவே தெய்வம்: சட்டத்துக்குள் வந்த மேடை அது. ரவிவர்மாவின் தமயந்தி அன்னத்தைப் பார்க்கிறாள். கொண்டையராஜுவின் லட்சுமி நம்மைப் பார்க்கிறாள். கும்பிடுகிறவர் தேடுவது அந்தப் பார்வையை. கடைக்காரருக்கும் அதுவே தோதாக அமைந்தது.

இது ஏன் கோவில்பட்டி, சிவகாசி இருக்கும் கரிசலில் நடந்தது? வானம் பார்த்த பூமியில் விவசாயம் மட்டும் சோறு போடவில்லை. 1920களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், சிவகாசியிலிருந்து கோவில்பட்டி வரை பரவியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். ஈரமில்லாத காற்று தீக்குச்சிக்கும் நல்லது, அச்சு மைக்கும் நல்லது. லேபிள் அடித்த அச்சகங்கள் காலண்டருக்கு வந்தபோது, ஓவியர் பக்கத்து ஊரிலேயே இருந்தார். கல் அச்சில் நிறத்துக்கு ஒரு கல். ஆஃப்செட் வந்தபின் அந்தப் பாடு குறைந்தது.

டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய மாணவர்கள் இந்தப் பாணியைத் தொடர்ந்தார்கள். பல படங்களில் குரு பெயரும் சீடர் பெயரும் சேர்ந்தே இருக்கும். நவீன ஓவியர்கள் மத்தியில் ‘காலண்டர் ஆர்ட்’ வசைச்சொல்லாகவே நீண்டகாலம் இருந்தது. கனடாவின் மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் போன்றோர் ஆய்ந்த பிறகே கோவில்பட்டியின் பெயர் கலை வரலாற்றில் ஏறியது.

பொதுவாக விளம்பரத்தின் ஆயுள் குறைவு. இந்தப் படத்தைக் குப்பையில் போட யாருக்கும் கை வராது. வருடம் முடிந்ததும் தகரப்பட்டியைக் கழற்றிக் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள்; சில வீடுகளில் கடைப் பெயரும் சேர்ந்தே சட்டத்துக்குள் போய், தினமும் பத்தி வாசனை பிடித்தது.

இன்று வரைவதும் நிறம் பிரிப்பதும் கணினியில் நடக்கின்றன. சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியாகும் அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தில் சாமி படங்களுக்குக் கீழே கடைப் பெயருக்கான இடம் அப்படியே இருக்கிறது.